நாலில் ஒன்று எங்கே போனது? பாராதைராய்டு பற்றி வாசகர் கேள்விகள்

சிறுநீரகக் கல், எலும்பு வலி, ஓயாத அசதி ஆகியவற்றுக்குக் காரணம் கழுத்தில் இருந்துகொண்டு ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிதான் என்று கண்டுபிடித்து, ஆபரேஷனும் முடிந்து, அதன் பிறகும் கால்சியம் இறங்காமல் நிற்கும் குடும்பங்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள். எல்லாமே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. ஹார்மோன் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

என் அம்மாவுக்கு வயது 52. இரண்டு முறை கிட்னியில் கல் வந்தது. கால்சியம் 11.8, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) 190 என்று வந்ததால் கழுத்தில் ஆபரேஷன் செய்து ஒரு சுரப்பியை எடுத்தார்கள். நாலு மாதம் ஆகியும் கால்சியம் 11.5-லேயே நிற்கிறது. “சுரப்பி இடம் மாறி இருக்கும் போல, திரும்பத் திறந்து பார்க்க வேண்டும்” என்கிறார்கள். சுரப்பி எப்படி இடம் மாறும்? முதல் ஆபரேஷனில் தவறு நடந்துவிட்டதா?
வாசகி, பென்னாகரம்

பாராதைராய்டு பொதுவாக நாலு. தைராய்டின் பின்பக்கம் மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம்தான், இரண்டு மூன்று அரிசி மணியின் எடை. இவை அந்த இடத்திலேயே உருவாவதில்லை. கரு ஐந்தாறு வாரமாக இருக்கும்போது தொண்டைப் பகுதியின் மடிப்புகளில் தோன்றி, அங்கிருந்து கீழே இறங்கி வருகின்றன. மேல் ஜோடி நாலாவது மடிப்பில் பிறந்து கொஞ்ச தூரம்தான் வருகிறது. கீழ் ஜோடி பிறப்பது அதற்கும் மேலே, மூன்றாவது மடிப்பில். அதோடு பிறப்பது தைமஸ் சுரப்பி. தைமஸ் மார்புக்குள் போய்ச் சேர வேண்டியது. கீழ் பாராதைராய்டு அதோடு பயணம் செய்து, தைராய்டின் கீழ்நுனி அருகே பிரிந்து நின்றுவிட வேண்டும்.

ஒசூரில் பஸ் ஏறி தருமபுரியில் இறங்க வேண்டியவர் கிருஷ்ணகிரியிலேயே இறங்கிவிட்டாலோ, தூங்கிப்போய் சேலத்தில் விழித்தாலோ எப்படியோ, அப்படித்தான் இதுவும். முன்பே நின்றுவிட்ட சுரப்பி தாடைக் கோணத்துக்குக் கீழே, கழுத்துத் தமனியின் உறைக்குள் இருக்கும். தைமஸோடு போய்விட்டது மார்புக் கூட்டின் முன்பகுதியில் இருக்கும். சில சமயம் தைராய்டின் சதைக்குள்ளேயே புதைந்து கிடக்கும். மேல் சுரப்பி வழி தவறினால் பெரும்பாலும் உணவுக்குழாயின் பின்னாலோ, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள பள்ளத்திலோ கிடைக்கும். மேல் சுரப்பி கட்டியாகிப் பெருத்தால், தன் எடையாலும் நாம் விழுங்கும்போது ஏற்படும் அசைவாலும் பின்பக்கமாகச் சரிந்து மார்பின் பின்பகுதிக்கு இறங்குவதும் உண்டு. மற்றபடி, உங்கள் அம்மாவின் சுரப்பி ஆபரேஷனுக்குப் பிறகு நகர்ந்துவிடவில்லை. ஆபரேஷனுக்கு முன் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது.

எண்ணிக்கையும் எல்லோருக்கும் நாலு அல்ல. 503 பிரேதப் பரிசோதனைகளை வைத்து ஸ்வீடனில் 1984-ல் வெளியான ஆய்வில் 84 சதவீதம் பேருக்கு நாலு, 13 சதவீதம் பேருக்கு நாலுக்கு மேல், 3 சதவீதம் பேருக்கு மூன்று மட்டுமே கிடைத்தன. ஐந்தாவது ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் தைமஸில்தான்.

தவறு நடந்ததா என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்லும் காகிதம் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்துக்குள் கால்சியம் சரியாகவே இல்லை என்றால் அதை ‘நீடிக்கும்’ நோய் என்போம். ஆறு மாதம் சரியாக இருந்து மறுபடி ஏறினால் ‘திரும்பிய’ நோய். உங்கள் அம்மாவுடையது முதல் வகை. அதற்குக் காரணம் நாலில் ஒன்றாக இருக்கும்: கெட்ட சுரப்பி வழக்கமில்லாத இடத்தில் இருந்தது, வழக்கமான இடத்தில் இருந்தும் கண்ணில் படவில்லை, கெட்டது ஒன்று அல்ல, இரண்டு மூன்று, அல்லது நோயே வேறு.

ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேன் படங்கள் அடங்கிய சி.டி. தட்டு. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘பாராதைராய்டு’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நெறிக்கட்டி, தைராய்டு முடிச்சு, வெறும் கொழுப்பு ஆகிய மூன்றும் பார்வைக்குப் பாராதைராய்டு போலவே ஏமாற்றும். ஆபரேஷன் குறிப்பில் எந்தெந்தச் சுரப்பியைப் பார்த்தார்கள், எதை எடுத்தார்கள், குரல் நரம்பைப் பார்த்தார்களா என்பது இருக்க வேண்டும். உதாரணமாக, “இடது இரண்டும் இயல்பு, வலது மேல் இயல்பு, வலது கீழ் காணவில்லை” என்று எழுதியிருந்தால் தேடலில் பாதி முடிந்த மாதிரி. வலது கீழ் என்றால் தைமஸ், தைராய்டின் உட்பகுதி, கழுத்துத் தமனியின் உறை. காணாதது மேல் சுரப்பி என்றால் உணவுக்குழாயின் பின்புறம். முதல் ஆபரேஷனின் குறிப்பைப் படிக்காமல் இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது எங்களுக்கு உடன்பாடில்லை.

என் மனைவிக்கும் இதே பிரச்சினை. அல்ட்ராசவுண்டிலும் நியூக்ளியர் ஸ்கேனிலும் எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. அப்படியானால் நோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?
வாசகர், கிருஷ்ணகிரி

இல்லை. நோய் இருக்கிறதா என்று சொல்வது ரத்தம். எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் ஸ்கேன். ரத்தத்தில் உறுதியாகிவிட்டால், ஸ்கேனில் தெரியாததால் நோய் இல்லாமல் போய்விடாது. ரத்தத்தில் உறுதியாகாமல் ஸ்கேனில் ஏதோ ஒரு புள்ளி தெரிந்தது என்று கத்தியை எடுப்பதும் தவறு.

ஆகவே ஸ்கேனுக்கு முன் மறுபடி கணக்கைச் சரிபாருங்கள். கால்சியம், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம், பாஸ்பரஸ், கிரியாட்டினின், பி.டி.எச்., வைட்டமின் டி. ஆல்புமின் 4-க்குக் குறைந்தால் கால்சியத்தைத் திருத்த வேண்டும்: 4-லிருந்து ஆல்புமினைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டுங்கள். கால்சியம் 10.3, ஆல்புமின் 3.2 என்றால் உண்மையில் கால்சியம் 10.9. அயனி கால்சியம், அதாவது புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் கால்சியம், பார்க்க வசதி இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து 24 மணி நேர சிறுநீர் கால்சியம். பிறவியிலேயே சிறுநீரகம் கால்சியத்தை வெளியே விடாத ஒரு குடும்ப வழிக் கோளாறு உண்டு. அதிலும் கால்சியம் ஏறியிருக்கும், பி.டி.எச். சற்று ஏறியோ இயல்பின் மேல்கோட்டிலோ இருக்கும். ஆனால் ஆபரேஷன் எத்தனை செய்தாலும் பலன் இருக்காது, தேவையும் இல்லை. சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாக வந்தால் இதை நினைக்க வேண்டும். கால்சியம், கிரியாட்டினின் வெளியேற்ற விகிதம் 0.01-க்குக் கீழே வருவது இதற்கான அடையாளம். அதே நாளில் ரத்தத்திலும் இரண்டையும் பார்த்தால்தான் இந்த விகிதத்தைப் போட முடியும். வைட்டமின் டி குறைவாக இருந்தாலும் சிறுநீர்க் கால்சியம் குறைந்து ஏமாற்றும். அதனால் வைட்டமின் டி-யையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிறுநீரைச் சேகரிப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. காலை 6 மணிக்கு முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிடுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு துளியும் கேனில். மறுநாள் காலை 6 மணிச் சிறுநீரையும் கேனில் சேர்த்து முடியுங்கள். நடுவில் ஒரு முறை தவறினாலும் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

இப்போது ஸ்கேன். அல்ட்ராசவுண்டின் ஒலி அலை எலும்பையும் காற்றையும் தாண்டாது. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ளதும், மூச்சுக்குழாய்க்குப் பின்னால் உள்ளதும் அதற்குத் தெரியாது. வழி தவறிய சுரப்பிக்குப் பிடித்த இடங்களே அவைதான். நியூக்ளியர் ஸ்கேன் என்று நீங்கள் சொல்வது செஸ்டாமிபி. மருந்து ஏற்றிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு படம், ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு படம். தைராய்டில் ஏறிய மருந்து வேகமாக வடிந்துவிடும், பாராதைராய்டு கட்டியில் தங்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். கட்டி சிறிதாக இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் இருந்தாலோ தெரியாமல் போகலாம். தைராய்டு முடிச்சிலும் மருந்து தங்கி, கட்டி போலக் காட்டலாம். உங்கள் மனைவியின் ஸ்கேனில் இரண்டைக் கேளுங்கள்: படம் தாடைக் கோணத்திலிருந்து இதயம் வரை எடுக்கப்பட்டதா, கழுத்தோடு நின்றுவிட்டதா? ஸ்பெக்ட் சி.டி., அதாவது நியூக்ளியர் படத்தை முப்பரிமாணத்தில் எடுத்து சி.டி. ஸ்கேனோடு பொருத்துவது, அதையும் சேர்த்து எடுத்தார்களா? கழுத்தை மட்டும் எடுத்த படம் மார்பில் இருக்கும் சுரப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அடுத்த படி நாலு பரிமாண சி.டி. நாலாவது பரிமாணம் நேரம். சாய மருந்து ஏறும்போதும் வடியும்போதும் தனித்தனியாகப் படம் எடுப்பார்கள். பாராதைராய்டு கட்டி சட்டென ஒளிர்ந்து சீக்கிரம் மங்கும், நெறிக்கட்டி மெதுவாக ஏறும். கிரியாட்டினின் அதிகமுள்ளவர்கள் இதற்கு முன் சிறுநீரக மருத்துவரைக் கேட்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். கோலின் பெட் ஸ்கேன் இன்னும் சிறிய கட்டிகளைக் காட்டுகிறது. அதற்குப் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். எல்லாமே கைவிட்டால், கழுத்திலும் மார்பிலும் உள்ள வெவ்வேறு சிரைகளிலிருந்து ரத்தம் எடுத்து, எந்தப் பக்கம் பி.டி.எச். எகிறுகிறது என்று பார்ப்பார்கள். அனுபவமுள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டியது.

முதல் ஆபரேஷனுக்கு ஒரு ஸ்கேன் போதும். இரண்டாவதுக்கு, வெவ்வேறு முறையில் எடுத்த இரண்டு ஸ்கேன்கள் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவோம்.

ஒரு லேபில் கால்சியம் 11.2, அடுத்த வாரம் இன்னொரு லேபில் 7.4. எதை நம்புவது?
வாசகர், ஊத்தங்கரை

இரண்டாவது ரிப்போர்ட்டில் பொட்டாசியம் இருந்தால் பாருங்கள். அது 7, 8 என்று பயமுறுத்துகிற அளவில் இருந்து, நோயாளி நன்றாக நடமாடிக்கொண்டிருந்தால், ஊதா மூடிக் குழாயின் மருந்து கலந்துவிட்டது என்று பொருள். அந்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் பொட்டாசியத்தோடு சேர்த்து வைத்திருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து, கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதே குழாய் பி.டி.எச்.-க்கு நல்லது, ஹார்மோன் அதில் கெடாமல் இருக்கும். அதனால் இரண்டையும் ஒரே குழாயில் எடுக்கக் கூடாது. கால்சியத்துக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயை முதலில் நிரப்பி, ஊதாவைக் கடைசியில் நிரப்ப வேண்டும். கையில் ரப்பர் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்திருந்தால் கால்சியம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள். சில கருவிகளில் பி.டி.எச்.-ஐ அது குறைத்துக் காட்டும்.

எங்கள் ஊரில் எலும்பு வலி என்றாலே ஃப்ளோரைடு தண்ணீர் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாராதைராய்டாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகி, பாலக்கோடு

மிக முக்கியமான கேள்வி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருப்பதால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டு குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடு, முதுகும் கழுத்தும் வளையாமை, மூட்டு இறுக்கம் வரும். அதனால் இங்கே எலும்பு வலிக்கு ஃப்ளோரைடு நினைவுக்கு வருவது நியாயமே. ஆனால் அதோடு நின்றுவிடுவது நியாயம் இல்லை.

ஃப்ளோரைடு எலும்பை எக்ஸ்ரேயில் வழக்கத்தைவிட வெள்ளையாக, கெட்டியாகக் காட்டும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கும். பாராதைராய்டு நோயில் எலும்பு கரைந்திருக்கும். ஆள்காட்டி விரல், நடு விரல் எலும்புகளின் ஓரம் அரித்தது போல் தெரியும். ரத்தத்தில் வேறுபாடு இன்னும் தெளிவு. ஃப்ளோரைடு பாதிப்பில் பி.டி.எச். ஏறலாம், வைட்டமின் டி குறைந்தாலும் ஏறலாம். ஆனால் அப்போது கால்சியம் இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும். கால்சியமும் பி.டி.எச்.-உம் சேர்ந்து ஏறியிருந்தால் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எலும்பு வலியோடு கல்லும், மலச்சிக்கலும், அடிக்கடி சிறுநீரும், காரணமில்லாத எலும்பு முறிவும் இருந்தால் கால்சியம் பார்க்காமல் விடாதீர்கள். அது தாலுகா ஆஸ்பத்திரி அளவிலேயே கேட்டு எடுக்கக்கூடிய ரத்தப் பரிசோதனை. இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு இருக்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது.

ராகியில் கால்சியம் அதிகம் என்பதால் அப்பாவுக்குக் களியை நிறுத்திவிட்டோம். பாலும் இல்லை. அவருக்கு அது பெரிய வருத்தம்.
வாசகர், தேன்கனிக்கோட்டை

களியைத் திரும்பக் கொடுங்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, உண்மைதான். ஆனால் அப்பாவின் ரத்தத்தில் ஏறும் கால்சியத்தில் பெரும்பகுதி எலும்பிலிருந்து உருவப்படுவது. சாப்பாட்டில் கால்சியத்தை வெட்டினால் சுரப்பி இன்னும் வேகமாக எலும்பைக் கரைக்கும். நாளுக்கு 800 முதல் 1000 மில்லிகிராம் என்ற இயல்பான அளவு போதும். கால்சியம் மாத்திரை தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். தண்ணீர் நாளுக்கு இரண்டரை லிட்டர். இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொன்ன அளவு. ரத்த அழுத்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதையசைடு இருக்கும். அது கால்சியத்தை ஏற்றும், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சுரப்பி மார்புக்குள் இருக்கிறது என்றால் நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டுமா? எங்கே போய்ச் செய்வது?
வாசகி, ஒசூர்

பெரும்பாலும் வேண்டாம். தைமஸின் மேல்பகுதியில் இருக்கும் சுரப்பியை, கழுத்து வழியாகவே தைமஸை மெதுவாக மேலே இழுத்து எடுத்துவிடலாம். பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையிலோ, இதய உறையை ஒட்டியோ ஆழத்தில் இருந்தால் விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளைகள் போட்டுக் கேமரா மூலம் எடுப்பார்கள். பாராதைராய்டு ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் மார்பைத் திறக்க நேர்வது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான்.

இடம் தெரியாமல் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகம் மறக்காத ஒரு நோயாளி உண்டு. அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்டெல். கழுத்தில் மீண்டும் மீண்டும் திறந்து பார்த்தும் கிடைக்காத கட்டி, 1932-ல் ஏழாவது ஆபரேஷனில் மார்புக்குள் கிடைத்தது. சில வாரங்களில், சிறுநீரகக் கல்லுக்கான சிகிச்சையைத் தொடர்ந்து, அவர் இறந்துபோனார். அன்று ஸ்கேன் கிடையாது. இன்று அந்த நிலை யாருக்கும் வர வேண்டியதில்லை.

இரண்டாவது முறை திறக்கும்போது பழைய தழும்பில் குரல் நரம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முன்கூட்டியே தொண்டையில் கேமரா வைத்துக் குரல் நாண்கள் இரண்டும் அசைகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். ஒரு பக்கம் ஏற்கெனவே செயலிழந்திருந்தால் மறுபக்கத்தைத் தொடுவது மூச்சுக்கே ஆபத்து. ஆபரேஷன் அறையிலேயே பி.டி.எச். பார்க்கும் வசதி உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஹார்மோனின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். கட்டியை எடுத்த பத்தாவது நிமிடம் அளவு பாதிக்கும் கீழே இறங்கினால் சரியானதை எடுத்தாயிற்று. இறங்காவிட்டால் இன்னொன்று இருக்கிறது, தையல் போடக் கூடாது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.-யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஒசூரிலிருந்து பெங்களூரும் பக்கம். எங்கே போனாலும், “மறு ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆபரேஷனே முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு சினகால்செட் மாத்திரை உண்டு. சாப்பாட்டோடு 30 மில்லிகிராம் இரண்டு வேளை என்று தொடங்குவார்கள். கால்சியத்தை இறக்கும், எலும்பைத் தேற்றாது. குமட்டல் அதிகம்.

எனக்கு ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். கால்சியம் 9.4. பி.டி.எச். மட்டும் 98. எனக்கும் சுரப்பி எங்கோ ஒளிந்திருக்கிறதா?
வாசகர், அரூர்

இந்தக் கணக்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கால்சியம் சரியாக இருந்து பி.டி.எச். மட்டும் ஏறியிருப்பது வெற்றிகரமான ஆபரேஷனுக்குப் பிறகும் பலருக்கு வருகிறது. பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை உறிஞ்சிக்கொள்வது, வைட்டமின் டி குறைவு, சிறுநீரகம் தளர்ந்திருப்பது ஆகியவைதான் காரணங்கள். வைட்டமின் டி-யை 30-க்கு மேல் கொண்டுவந்து, மூன்று மாதம் கழித்துக் கால்சியத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்கேனுக்குச் செலவழிக்க வேண்டாம்.

தங்கைக்கு நேற்று முன்தினம் ஆபரேஷன். வீட்டுக்கு வந்துவிட்டாள். உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, விரல் நுனி கூசுகிறது என்கிறாள்.
வாசகி, காரிமங்கலம்

கால்சியம் வேகமாக இறங்குகிறது. இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரை இது சகஜம், ஆபரேஷனுக்கு முன் அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு மாற்றத்தின் வேகத்தைக் காட்டும் ரத்த அளவு) அதிகமாக இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையை உடனே கொடுத்துவிட்டு, இன்றே கால்சியம் பார்த்து, ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் பேசுங்கள். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறாள் என்றால் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் இருக்கட்டும். விரல்கள் தானாக மடங்கி இறுகினாலோ, மூச்சு இழுத்தாலோ, வலிப்பு வந்தாலோ மாத்திரை போதாது; 108-ஐ அழைத்து அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஊசியை இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் இதயம் தடுமாறும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள். பாராதைராய்டு ஆபரேஷன் நடந்தது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.